பசிக்கவில்லை என்பதும் ஒரு நோய்க்குறிதான்

டயாலிசிஸ் பிரிவுக்குள் ஒருவர் நுழைந்ததும் முதலில் எடை பார்க்கிறார்கள். அவருக்கென்று குறித்து வைத்திருக்கும் 'ட்ரை வெயிட்'டோடு, அதாவது மிகை நீர் இல்லாத எடையோடு ஒப்பிட்டு, இன்று எத்தனை லிட்டர் நீர் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். இரத்த அழுத்தம், காய்ச்சல், டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்துவைத்த இரத்தக் குழாயான ஃபிஸ்டுலாவின் அதிர்வு, எந்திரத்தில் இரத்தம் ஓடும் வேகம் எல்லாம் தாளில் ஏறுகின்றன. அவ்வப்போது ஹீமோகுளோபின், பொட்டாசியம், பாஸ்பரஸ், அல்புமின் பார்க்கிறார்கள். இத்தனை எண்களுக்கு நடுவே, 'இந்த வாரம் பசி எடுத்ததா, சாப்பாடு வாய்க்குப் பிடித்ததா' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு கட்டம்கூட இருப்பதில்லை. தண்ணீர் அதிகம் குடித்தீர்களா, பழம் சாப்பிட்டீர்களா, ஊறுகாய் தொட்டீர்களா என்று மட்டும் கேட்கிறார்கள். ஏறக்குறைய குற்ற விசாரணை மாதிரி. நான் இன்று வாதிட வந்தது இதுதான்: டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மிகுதியாகச் சாப்பிடுவதைப் போலவே, போதாமல் சாப்பிடுவதும் உயிரைத் தொடும் ஆபத்து. முதலாவதைக் கண்காணிக்க ஆள் இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. ஆகவே வாய் ருசியையும் பசியையும் இரத்த அழுத்தத்தைப் போல ஒவ்வொரு முறையும் கவனிக்க வேண்டும். 'சாப்பிடக் கூடாதவை' பட்டியலையும் அதற்கேற்பத் திருத்தி எழுத வேண்டும்.

நாக்கிலிருந்து தொடங்குவோம். 'நாக்கு செத்துப்போச்சு', 'வாயெல்லாம் கசக்குது', 'எதைத் தின்னாலும் இரும்பு வாடை' என்று இவர்கள் சொல்வதை வீட்டார் சலிப்பு என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பது வேதியியல். சிறுநீரகம் கழிக்காத யூரியா இரத்தத்தோடு நின்றுவிடுவதில்லை, உமிழ்நீரிலும் இறங்குகிறது. வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் சிலவற்றிடம் யூரியேஸ் என்ற நொதி உண்டு. அவை இந்த யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குகின்றன. காலையில் எழும்போது வாயில் தங்கியிருக்கும் கசப்பும், மூச்சில் வரும் மூத்திர வாடையும் இதன் விளைவு. உமிழ்நீரின் அளவும் குறைந்துவிடுகிறது. உணவின் சுவை உமிழ்நீரில் கரைந்துதான் நாக்கின் சுவை மொட்டுகளைத் தொட முடியும். வாய் வறண்டால் நல்ல குழம்பும் மண்ணாகத் தெரியும். பலருக்கு மூக்கும் மந்தமாகிவிடுகிறது. வாசனையை இனம்காண முடியாவிட்டால் ருசியில் பாதி போய்விடும் என்பது சளி பிடித்த எவருக்கும் தெரியும். விரும்பி உண்ட ஆட்டுக்கறியைப் பார்த்தாலே குமட்டுகிறது என்பவர்கள் உண்டு. புரதம் தேவைப்படும் நேரத்தில் புரத உணவின் மீதே வெறுப்பு வருவது இந்நோயின் கொடுமை. டயாலிசிஸ் முடிந்த கையோடு சோதித்தால் சுவையுணர்வு ஓரளவு தேறுகிறது என்று 1980-லேயே எழுதியிருக்கிறார்கள். கோளாறு மனதில் மட்டும் இருந்தால் நான்கு மணி நேரத்தில் எந்திரம் அதைத் தேற்றாது. துத்தநாகம் குறைவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் துத்தநாக மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. சிலவற்றில் ருசி திரும்பியது, சிலவற்றில் மாற்றமில்லை. மருந்துக் கடையில் தானாக வாங்கி விழுங்கும் விஷயமல்ல அது.

ருசி ஒரு பக்கம், பசி இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேர்கள் வேறு. 1996-இல் வெளியான ஆய்வில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்திலிருந்து டயாலிசிஸ் வழியாகப் பிரிந்த நீரை எடுத்து, அதிலிருந்த நடுத்தர அளவு மூலக்கூறுகளைப் பிரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகள் உண்பதைக் குறைத்துக்கொண்டன. நல்ல சிறுநீரகம் உள்ளவர்களின் சிறுநீரிலிருந்து பிரித்த அதே வகை மூலக்கூறுகளும் அப்படியே செய்தன என்பது இன்னும் சுவையான செய்தி. அதாவது, நாம் அன்றாடம் சிறுநீரோடு வெளியேற்றுபவற்றில் பசியை அடக்கும் பொருள்களும் உண்டு. சிறுநீரகம் நின்றதும் அவை உடம்பிலேயே தேங்குகின்றன. யூரியாவைப் போலச் சிறியவற்றை எந்திரம் எளிதாக வடிகட்டும், இவற்றை அவ்வளவு எளிதாக அல்ல. இதோடு உடம்பெங்கும் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் லெப்டின் போன்ற ஹார்மோன்கள் கழியாமல் சேர்வது, நெடுநாள் சர்க்கரை நோயால் இரைப்பை மெதுவாகக் காலியாவது, மலச்சிக்கல், மனச்சோர்வு எல்லாம் சேர்கின்றன. மாத்திரைகளையும் மறக்க முடியாது. அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஆய்வொன்றின்படி, டயாலிசிஸ் நோயாளி ஒருவர் விழுங்கும் மாத்திரைகளின் இடைநிலை எண்ணிக்கை நாளுக்கு 19. அதில் பெரும்பங்கு, சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டிய, பாஸ்பரஸ் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் மாத்திரைகள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வேறொரு தொல்லை: வயிற்றுக்குள் இரண்டு லிட்டர் திரவம் எந்நேரமும் நிற்கிறது; அதிலுள்ள குளுக்கோஸ் இரத்தத்தில் ஏறிப் பசியை மழுக்குகிறது. உண்ணாமலே கலோரி ஏறுகிறது. புரதமோ வயிற்றுத் திரவத்தோடு நாள்தோறும் வெளியேறுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். டயாலிசிஸ் தொடங்கும் முன், சிறுநீரகம் இன்னும் கொஞ்சம் வேலை செய்யும் நிலையில், புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். 2020-இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டுதலின்படி, சர்க்கரை நோய் இல்லாதவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.55 முதல் 0.6 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 33 முதல் 36 கிராம். டயாலிசிஸ் தொடங்கியதும் அதே வழிகாட்டுதல் 1 முதல் 1.2 கிராம் வரை கேட்கிறது. அதே ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஏறக்குறைய இரட்டிப்பு. காரணம், ஒவ்வொரு அமர்விலும் எந்திரம் கழிவோடு சேர்த்து அமினோ அமிலங்களையும் கழுவி எடுத்துவிடுகிறது. ஒரு முறைக்கு 6 முதல் 12 கிராம் வரை, அதாவது ஒன்று அல்லது இரண்டு முட்டையின் புரதம் வடிகாலில் போகிறது. ஆனால் வீட்டுச் சமையலறையில் மாட்டியிருப்பது பழைய அட்டவணை. 'முட்டை வேண்டாம், பருப்பு வேண்டாம், கறி கூடவே கூடாது' என்று மூன்று வருடத்துக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்தது இன்னும் சட்டமாக இருக்கிறது. இதற்கு வரலாறும் உண்டு. சியாட்டிலில் மருத்துவர் ஸ்கிரிப்னர் 1960-இல் தொடர் டயாலிசிஸை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகும் பல ஆண்டுகளுக்கு எந்திரம் வெகு சிலருக்கே கிடைத்தது. 1964-இல் இத்தாலியில் மருத்துவர்கள் ஜியோவனெட்டியும் மஜோரேயும் கடும் புரதக் குறைப்பு உணவை வெளியிட்டது அந்தச் சூழலில்தான். எந்திரம் இல்லாதவருக்கு உணவைக் குறைப்பதே மருத்துவம். எந்திரத்தில் ஏறியவருக்கும் அந்தப் பழக்கத்தைத் தொடர்வது, காரணம் போன பின்னும் பத்தியத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது.

குறைவாகச் சாப்பிடுவது வெளியே தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணம், அது இரத்த அறிக்கையில் நல்ல செய்தியாகக் காட்சி தருவது. சாப்பிடாதவருக்கு யூரியா இறங்கும், பாஸ்பரஸ் இறங்கும். தசை கரையக் கரைய கிரியேட்டினினும் இறங்கும். 'ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு' என்று வீட்டில் மகிழ்கிறார்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு இந்த எண்கள் காரணமில்லாமல் இறங்குவது கொண்டாட வேண்டிய விஷயமல்ல. எடையும் ஏமாற்றும். சதை இரண்டு கிலோ குறைந்து, அந்த இடத்தில் நீர் இரண்டு கிலோ ஏறினால் தராசு பழைய எண்ணையே காட்டும். பழைய 'ட்ரை வெயிட்'டுக்கு நீர் எடுத்து அனுப்பினால், அந்த இரண்டு லிட்டர் உள்ளேயே நின்று, இரவில் படுத்தால் மூச்சு வாங்கும். தண்ணீர் கூடுதலாகக் குடித்துவிட்டார் என்று அவரைத் திட்டுவார்கள். அவர் செய்தது அதுவல்ல, ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. 'பசி பசி என்று அவிழ்த்துவிட்டால் பொட்டாசியம் ஏறி ஒரே இரவில் இதயம் நின்றுவிடும், அப்போது யார் பொறுப்பு?' இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இளநீர், வாழைப்பழம், பழச்சாறு, கீரை இவற்றில் கட்டுப்பாடு வேண்டும். நட்சத்திரப் பழம் இவர்களுக்கு நரம்பு நஞ்சு. அதில் சலுகையே கிடையாது. சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருப்பதால் அதுவும் வேண்டாம். ஆனால் பொட்டாசியம் வாயால் மட்டும் ஏறுவதில்லை. டயாலிசிஸைத் தவறவிட்டால் ஏறும், மலச்சிக்கலில் ஏறும். நெடுநேரம் பட்டினி கிடந்தாலும் ஏறும்: உண்ணும்போது சுரக்கும் இன்சுலின்தான் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுகிறது, அது குறைந்தால் பொட்டாசியம் இரத்தத்திலேயே நிற்கிறது. பயந்து பட்டினி கிடப்பவர் தான் பயந்ததையே வரவழைத்துக்கொள்ளக்கூடும். பாஸ்பரஸிலும் இப்படியே. பருப்பிலும் பயறிலும் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் ஃபைட்டேட் வடிவில் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லாததால் பாதிகூட உறிஞ்சப்படுவதில்லை. கோலா பானத்திலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட்டோ ஏறக்குறைய முழுவதும் உள்ளே போகிறது. ஒரு கிண்ணம் பருப்பைத் தடுத்துவிட்டு, பேரன் வாங்கி வந்த கோலாவைக் கண்டுகொள்ளாத பட்டியலைக் கவனமான பட்டியல் என்று சொல்ல முடியாது. ஆகவே கட்டுப்பாடே வேண்டாம் என்பது என் வாதமல்ல. எதை விலக்கச் சொல்கிறோமோ அதற்கு ஈடாக எதை உண்ணலாம் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளை அவருடைய இரத்த அறிக்கையைப் பார்த்து எழுத வேண்டும். எல்லோருக்கும் ஒரே ஜெராக்ஸ் உதவாது.

இரண்டாவது மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வருகிறது: 'டயாலிசிஸைச் சரியாகக் கொடுத்தால் பசி தானாக வரும், தனியாகப் பசியைத் தேடிப் போக வேண்டியதில்லை.' பாதி உண்மை. நம் நாட்டில் செலவாலும் தூரத்தாலும் வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஏராளம். ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் அவர்களுக்குக் கிடைப்பது எட்டு மணி நேரச் சுத்திகரிப்பு. இவர்களில் ஒருவருக்குப் பசி போனால், முதலில் பார்க்க வேண்டியது டயாலிசிஸ் போதுமா என்பதுதான். ஆனால் போதுமான அளவைத் தாண்டி இன்னும் கூட்டினால் பசியும் கூடுமா? அமெரிக்காவில் 1,846 பேரை வைத்து நடந்து 2002-இல் முடிவு வெளியான ஹெமோ ஆய்வு இந்தக் கேள்விக்கு அருகில் வருகிறது. வாரம் மூன்று முறை வழக்கமான அளவு பெற்றவர்களையும், அதைவிடக் கூடுதல் அளவு பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் இறப்பும் குறையவில்லை, காலப்போக்கில் ஊட்டம் சரிவதையும் அந்தக் கூடுதல் தடுக்கவில்லை. எந்திரம் தேவை, ஆனால் எந்திரம் மட்டும் போதாது என்றே இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. 2004-இல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வொன்றில் 331 டயாலிசிஸ் நோயாளிகளிடம் பசி எப்படி என்று கேட்டபோது, 38 சதவீதம் பேர் குறைவு என்றார்கள். அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், அதிகம் இறந்தார்கள். அவர்களின் இரத்தத்தில் அழற்சியின் அளவும் அதிகம். பின்னர் பல நாடுகளைச் சேர்ந்த 14,000-க்கும் மேற்பட்டவர்களிடமும் பசியின்மையும் மரணமும் சேர்ந்தே போயின. இதைக் காட்டினால், 'பசியின்மை சாகடிக்கவில்லை. சாகடிக்கும் அழற்சிதான் பசியையும் கெடுக்கிறது, ஊட்டினால் என்ன மாறும்?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, புகையை விரட்டித் தீயை அணைக்க முடியாது என்கிறார்கள். 2007-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், ஊட்டம் குன்றிய 186 பேருக்கு வாய்வழிச் சத்துணவு கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு டயாலிசிஸின்போது இரத்தக் குழாய் வழியாகவும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு பிரிவுக்கும் வேறுபாடில்லை, ஆனால் இரண்டிலும் ஊட்ட அளவீடுகள் உயர்ந்தன; மூன்று மாதத்துக்குள், ஊட்டத்தைக் காட்டும் இரத்தப் புரதமான ப்ரீ-அல்புமின் நன்றாக ஏறியவர்கள் அடுத்த இரண்டு ஆண்டில் குறைவாகவே இறந்தார்கள். எதுவும் கொடுக்காத பிரிவு என்று ஒன்று அதில் இல்லை, ஆகவே இதை நிரூபணம் என்று நான் விற்க மாட்டேன். அழற்சி இருந்தும் ஊட்டம் ஏறக்கூடும் என்பதற்கு இது போதும். ஒருவேளை பசியின்மை வெறும் அடையாளம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேட்காமல் விட அது காரணமாகாது. பசி திடீரென்று போனவருக்கு எங்கோ சீழ் பிடித்திருக்கலாம், கழுத்தில் பொருத்திய டயாலிசிஸ் குழாயில் கிருமி தொற்றியிருக்கலாம், சொத்தைப் பல் இருக்கலாம். காய்ச்சல் வருமுன் பசி போய்விடுவது உண்டு. காய்ச்சலும் வெறும் அடையாளம்தான். அதற்காக யாரும் தெர்மாமீட்டரைத் தூக்கி எறிவதில்லை.

உப்பைப் பற்றித் தனியாகப் பேசியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பத்தியச் சண்டையின் மையமே அதுதான். உப்பு குறைந்தால் ருசி போகிறது, ருசி போனால் சாப்பாடு இறங்குவதில்லை, ஆகவே உப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்பார்கள். பசிக்காக இவ்வளவு வாதாடும் நான் இதற்கு மட்டும் ஒப்ப மாட்டேன். உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் தண்ணீரைக் கூட்டும், தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். அதோடு, உப்பில்லாத நாக்கு நிரந்தரமாக அழுவதில்லை. உப்பைக் குறைத்துச் சில வாரங்கள் தாக்குப்பிடித்தால், நாக்கு குறைந்த உப்பையே போதுமானதாக உணரப் பழகிவிடுகிறது; இது 1980-களிலேயே சோதித்துப் பார்த்த விஷயம். அந்த இடைவெளியை நிரப்ப நம் அஞ்சறைப்பெட்டி போதும். மிளகு, சீரகம், தாளித்த பெருங்காயம், கறிவேப்பிலை, கொஞ்சம் இஞ்சி, பரிமாறும்போது பிழியும் சில துளி எலுமிச்சை இவை உப்பைச் சேர்க்காமல் மணத்தையும் உமிழ்நீரையும் கூட்டுபவை. காயை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டுத் தாளித்தால் பொட்டாசியமும் ஓரளவு குறையும். இரும்பு வாடை அடிக்கிறது என்பவருக்கு எவர்சில்வர் தட்டும் ஸ்பூனும் வேண்டாம். வாழையிலையில் வைத்துக் கையால் சாப்பிடட்டும். கறி குமட்டினால் முட்டையின் வெள்ளைக்கரு, அதுவும் முகத்துக்கு எதிரே ஆவி பறக்காமல் ஆறிய பிறகு. சூடான உணவின் வாசனைதான் பலருக்குக் குமட்டலைக் கிளப்புகிறது. சாப்பிடுவதற்கு முன் நாக்கை வழித்து, வாய் கொப்பளித்துத் துப்பினால் அமோனியா வாடை சற்று மட்டுப்படும். காலை வேளையில் ஓரளவு பசிப்பவருக்கு அப்போதே நல்ல சாப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும். மதியத்துக்கென்று எடுத்து வைப்பதில் பயனில்லை.

'இதையெல்லாம் கேட்டு எழுத யாருக்கு நேரம்? டெக்னீஷியன் ஒருவர், எந்திரங்கள் ஐந்தாறு, டயட்டீஷியன் வாரம் ஒரு நாள் எட்டிப் பார்த்தால் உண்டு' என்பது நடைமுறை மறுப்பு. கேள்வி மிகச் சிறியது. கடந்த வாரம் பசி எப்படி: மிக நன்று, நன்று, சுமார், குறைவு, மிகக் குறைவு. ஊசி குத்தும் நேரத்திலேயே கேட்டுவிடலாம். சுமாருக்குக் கீழே இரண்டு முறை தொடர்ந்து வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரு விதி போதும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களின் வீட்டுக்கே திரவப் பைகள் போகின்றன. பையோடு இந்தக் கேள்வியும் போகட்டும். இதற்குப் புதிய எந்திரமோ டெண்டரோ தேவையில்லை.

கடைசியாக, டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கும்போதே சாப்பிடலாமா என்ற சர்ச்சை. இதைச் சிறிய விஷயமாக நினைக்கக் கூடாது. வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 நாட்கள், ஐந்து மாதத்துக்கும் மேல். ஹெமோ ஆய்வில் டயாலிசிஸ் நாட்களில் கலோரியும் புரதமும் மற்ற நாட்களைவிடக் குறைவாகவே உள்ளே போயின. காலை ஷிஃப்ட்டுக்கு விடியுமுன் பஸ் ஏறியவர் வெறும் காபியோடு வருகிறார், களைத்து வீடு திரும்பிப் படுத்தால் மாலைதான் எழுகிறார். இரண்டு வேளைச் சாப்பாடு போய்விட்டது. ஜெர்மனியில் டயாலிசிஸின்போது உணவு பரிமாறுவது வழக்கம். அமெரிக்காவில் நெடுங்காலம் தடுத்தார்கள்: சாப்பிட்டதும் இரத்தம் குடலுக்குத் திரும்புவதால் அழுத்தம் சரியும், புரையேறும், சிந்திச் சிதறி எறும்பு வரும் என்று. மூன்றும் உண்மையான கவலைகள். எனினும் 2018-இல் சிறுநீரக ஊட்டவியல் வல்லுநர்களின் சர்வதேசச் சங்கம், உடல்நிலை நிலையாக உள்ளவர்களுக்கு நன்மையே அதிகம் என்ற பக்கம் சாய்ந்தது. ஃபிஸ்டுலா பெரும்பாலும் இடது கையில்தான் இருக்கிறது, சாப்பிடும் கை சும்மா இருக்கிறது. நிமிர்ந்து உட்கார வைத்து, தொடங்கிய முதல் மணி நேரத்துக்குள், இரண்டு இட்லியும் இரண்டு முட்டை வெள்ளையும் கொடுக்கலாம். ரசம் சாதம் வேண்டாம், அதில் நீரும் உப்பும் அதிகம், சிந்தவும் செய்யும். ஒவ்வொரு அமர்விலும் அழுத்தம் சரிபவர், விழுங்கத் திணறுபவர், மயக்கமாக இருப்பவர் ஆகியோருக்கு நாற்காலியில் எதுவும் கொடுக்கக் கூடாது. அவர்கள் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரட்டும். இறங்கியதும், அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பஸ் ஏறுமுன் உட்கார்ந்து சாப்பிட ஒரு பொட்டலமும் கையில் இருக்கட்டும்.